அடிதடி கேம் செய்யும்போது வரும் கோளாறுகள்: கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணம் வரை

முஸ்தபா கேம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த வகையை விளக்க வேண்டியதில்லை. 1993-இல் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்தான் அது, அதில் வரும் ஒரு ஆளின் பெயரே நம் ஊரில் மொத்த கேமுக்கும் பெயராகிவிட்டது. வலப்பக்கம் நடக்க வேண்டும், வழியில் வருகிறவர்களை அடித்துச் சாய்க்க வேண்டும், கடைசியில் ஒரு பெரிய ஆள் வருவான். ஆடும்போது இவ்வளவுதான் தெரியும். நாமே அதைப் போல ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால்தான் அந்தக் காலத்து ஆட்கள் எத்தனை சின்னச் சின்ன விஷயங்களைச் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருந்தார்கள் என்று புரிகிறது.

நான் கோடாட் 4 என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) மூன்று ஸ்டேஜ், இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஒரு சின்ன கேமைச் செய்துகொண்டிருக்கிறேன். வழியில் வந்த கோளாறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். வேறு எஞ்சினில் செய்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், ஏனென்றால் கோளாறுகளில் பெரும்பாலானவை எஞ்சினால் வருபவை அல்ல, இந்த வகை கேமின் அமைப்பிலேயே இருப்பவை. திரையில் இரண்டு திசைதான் இருக்கிறது. ஆனால் கேமுக்குள் மூன்று: இடம் வலம், தெருவின் ஆழம், தரையிலிருந்து உயரம். ஆழமும் உயரமும் திரையில் ஒரே மேல்கீழ் கோட்டில்தான் தெரியும், அதனால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் தவறு கோடில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது இடம் தப்பியதால் வந்ததா, நேரம் தப்பியதால் வந்ததா?

அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடாட்டின் டீபக் மெனுவில், மோதல் பெட்டிகளைக் காட்டும் விசிபிள் கொலிஷன் ஷேப்ஸை ஆன் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலும் ஒரு சின்ன லேபிள் போட்டு நான்கே விஷயத்தைக் காட்டுங்கள்: இப்போது என்ன நிலையில் இருக்கிறான் (நிற்கிறான், குத்துகிறான், அடிபட்டிருக்கிறான்), அந்த நிலையில் எத்தனையாவது ஃபிரேம் (நொடிக்கு அறுபது முறை மாறும் படத்தில் ஒன்று), பாதம் எந்த ஆழத்தில் இருக்கிறது (மேலிருந்து கீழாக எண்ணும் பிக்சல்), உயரம் எவ்வளவு. என்னிடம் அந்த லேபிளில் "குத்து 7 / ஆழம் 142 / உயரம் 0" என்று ஓடிக்கொண்டே இருக்கும். கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் இந்த ஒரு வரியைப் பார்த்தே பிடிபட்டவை. கோடாட் 4.4 முதல் கேம் ஓடும்போதே நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும் பட்டனும் இருக்கிறது, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

குத்து எதிரியின் மேல் விழுவது தெரிகிறது, ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்லது தள்ளி நிற்கிறவன் அடிவாங்குகிறான்

இரண்டும் ஒரே நோய். திரையில் வரைந்த இடத்தை வைத்து மோதலைப் பார்க்கிறீர்கள், பாதம் இருக்கும் ஆழத்தை வைத்துப் பார்க்கவில்லை.

பறந்து உதைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆள் ஆழம் 150-இல் நின்று 40 பிக்சல் உயரம் குதிக்கிறான். அவன் காலில் இருக்கும் ஹிட்பாக்ஸும் (அடி எங்கே படும் என்று குறிக்கும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி) அவனோடு மேலே போகிறது. தெருவின் மேல் ஓரத்தில் ஆழம் 112-இல் ஒருவன் சும்மா நிற்கிறான், திரையில் பார்த்தால் இரண்டு பெட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று. எஞ்சினைப் பொறுத்தவரை அது அடி. ஆடுகிறவருக்கோ அவன் எட்டாத தூரத்தில் இருக்கிறான்.

சரிசெய்ய, ஆளின் அமைப்பையே பிரிக்க வேண்டும். மேல்மட்ட நோட் (கோடாட்டில் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நோட்களால் ஆனது) எப்போதும் பாதத்தில், தரையில். நிழல் அதன் கூடவே. உடம்பு, ஹிட்பாக்ஸ், ஸ்ப்ரைட் (ஆளின் படம்) எல்லாம் அதற்குள் இன்னொரு நோடில், உயரத்தின் அளவுக்கு மேலே தூக்கப்பட்டு. குதிக்கும்போது மேல்மட்ட நோடைத் தொடவே கூடாது. பிறகு மோதல் வந்ததும் முதல் கேள்வி: இருவர் பாதத்தின் ஆழ வித்தியாசம் எவ்வளவு? நான் சாதாரணக் குத்துக்கு 10 பிக்சல் வரை விடுகிறேன், சுழன்று அடிப்பதற்கு 16, பெரிய ஆளின் அடிக்கு 20. அதற்கு மேல் போனால் பெட்டிகள் தொட்டாலும் அடி இல்லை.

எல்லா அடிக்கும் ஒரே ஆழ அளவு வைத்துவிட்டால் கேம் ஆடுவதற்குச் சப்பென்று இருக்கும், அடிக்கு அடி மாற்றுங்கள். எதிரிகளுக்குக் கொஞ்சம் குறைவாகவும் நமக்குக் கொஞ்சம் அதிகமாகவும் கொடுப்பது என் பழக்கம். மயிரிழையில் தப்பினோம் என்ற சந்தோஷம் ஆடுகிறவருக்கு வேண்டும், அவர் விட்ட குத்து மயிரிழையில் தவறியது என்ற கடுப்பு வேண்டாம்.

ஆழ வித்தியாசம் 10-க்குள் இருந்தும் அடி விழவில்லையா? அப்போது பெட்டி குட்டையாக இருக்கிறது. இருவரும் 10 பிக்சல் தள்ளி நின்றால் திரையில் பெட்டிகளும் 10 பிக்சல் மேல்கீழாகத்தான் இருக்கும். அடிவாங்கும் பெட்டியை மேலும் கீழும் அந்த அளவுக்கு நீட்டுங்கள், ஆழத்தைத்தான் தனியாகச் சரிபார்க்கிறோமே, அதனால் நீட்டியதால் கெடுதல் குறைவு. அதற்கும் மசியவில்லை என்றால் எது எதோடு மோதலாம் என்று சொல்லும் லேயரும் மாஸ்க்கும் பாருங்கள், புதிதாகச் சேர்த்த எதிரிக்கு மட்டும் இப்படி ஆனால் அநேகமாக அதுதான்.

ஒரே குத்தில் மொத்த உயிரும் போய்விடுகிறது

குத்து நான்கு ஃபிரேம் திறந்திருக்கிறது, நீங்கள் ஒவ்வொரு ஃபிரேமும் மோதல் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், நான்கு முறையும் ஆமாம் என்று வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பட்டியல் வைத்து, இந்த அடியில் யாரையெல்லாம் அடித்தாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அடி தொடங்கும்போது பட்டியலைக் காலி செய்ய மறந்தால் எதிர்க்கோளாறு வரும், முதல் குத்து விழும், பிறகு அவனுக்கு அடியே விழாது.

முதல் குத்து விழுகிறது, நெருங்கி நின்று அடித்தால் இரண்டாவது விழவில்லை

பட்டியல் சரியாகக் காலியாகியும் இப்படி என்றால், ஏரியா2டியின் (மோதலைக் கவனிக்கும் பெட்டி நோட்) "உள்ளே நுழைந்தது" சிக்னலை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். பெயரே சொல்கிறது, நுழையும்போதுதான் அது வரும். எதிரி ஏற்கனவே உள்ளே நின்றுகொண்டிருந்தால் புதிதாக நுழைவது எங்கே? இரண்டு குத்துக்கு நடுவில் பெட்டியை மூடித் திறக்க வேண்டும், அல்லது சிக்னலை விட்டுவிட்டு அடி திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபிசிக்ஸ் ஃபிரேமிலும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியைத் திறந்த அதே வரிக்குக் கீழேயே உள்ளே யார் என்று கேட்டால் யாருமில்லை என்றுதான் பதில் வரும், உள்ளே யார் என்ற அந்தத் தகவலை எஞ்சின் ஃபிசிக்ஸ் ஃபிரேம் ஒன்றுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். ஒரு ஃபிரேம் பொறுங்கள். அதேபோல் மோதல் சிக்னலுக்குள்ளேயே பெட்டியை மூடப் பார்த்தால் "ஃப்ளஷிங் க்வெரீஸ்" என்று சிவப்பில் ஒரு எரர் வரும். வேலையைச் சற்றுத் தள்ளிப்போடும் செட் டிஃபர்ட் மூலம் மூடினால் போய்விடும்.

அடிபட்டு விழுகிறவன் விழும்போதும் என்னை அடிக்கிறான்

இது எனக்கு மிக அதிகமாக வந்த கோளாறு, காரணம் தெரிந்தபின் சிரமமே இல்லை. குத்து அனிமேஷனில் 5-ஆவது ஃபிரேமில் ஹிட்பாக்ஸைத் திற, 9-ஆவதில் மூடு என்று அனிமேஷன் பிளேயரில் கீ வைத்திருப்பீர்கள். அவன் 6-ஆவது ஃபிரேமில் அடிவாங்கினான், அனிமேஷன் பாதியில் அறுந்து விழும் அனிமேஷன் தொடங்கியது, 9-ஆவது ஃபிரேம் வரவே இல்லை. பெட்டி திறந்தே கிடக்கிறது. அவன் ஸ்டேஜ் முழுக்க அந்தத் திறந்த கையோடு திரிவான்.

மூடும் வேலையை அனிமேஷனிடம் விடாதீர்கள். எந்த நிலையிலிருந்து வெளியேறினாலும், எந்தக் காரணத்தால் வெளியேறினாலும், வெளியேறும் இடத்தில் எல்லா ஹிட்பாக்ஸையும் மூடும் ஒரு வரி இருக்கட்டும். அதே இடத்தில் நிறமாற்றம், சாய்வு, வேகம் போன்ற மற்ற மிச்சங்களையும் பழையபடி ஆக்கிவிடுங்கள். அடிபட்டவன் வெள்ளையாக மின்னி அப்படியே வெள்ளையாக நின்றுவிடுவதும் இதே குடும்பம்தான்.

குதித்தால் பின்னால் நிற்பவனுக்கும் பின்னால் போய்விடுகிறான்

மேல்மட்ட நோடையே மேலே தூக்கிவிட்டீர்கள். ஒய் சார்ட் என்ற வசதி, நோடின் இடத்தைப் பார்த்துத்தான் யாரை முதலில் வரைவது என்று முடிவு செய்கிறது. மேலே சொன்ன மாதிரி பாதத்தைத் தரையிலேயே வைத்தால் இது தானாகச் சரியாகும். பெரிய பாஸுக்கு மட்டும் தப்பாகத் தெரிந்தால் அவன் ஸ்ப்ரைட்டின் மையம் இடுப்பில் இருக்கிறது, பாதத்துக்கு இறக்குங்கள். வரையும் அடுக்கைச் சொல்லும் இசட் இண்டெக்ஸை ஆளுக்கு ஒன்றாக மாற்றி வைத்திருந்தாலும் ஒய் சார்ட் பலிக்காது.

ஒருவனைப் பிடித்துத் தூக்கும்போது இரண்டு பேரும் மாறி மாறி முன்னும் பின்னும் தெரிந்தால், இருவரின் ஆழமும் ஒன்றாக இருக்கிறது. பிடிபட்டவனை ஒரே ஒரு பிக்சல் முன்னால் வையுங்கள்.

தெருவின் மேல் ஓரத்தில் நடந்தால் ஒட்டிக்கொள்கிறான்

கேரக்டர்பாடி2டியின் மோஷன் மோட் கிரவுண்டடில் இருக்கும். அது பக்கவாட்டில் பார்க்கும் மேடை கேமுக்கானது, மேல் சுவரைக் கூரை என்றும் கீழ்ச் சுவரைத் தரை என்றும் நினைத்துக்கொள்ளும். ஃப்ளோட்டிங்குக்கு மாற்றுங்கள். தரையில் நிற்கிறானா என்று எஞ்சினிடம் கேட்பதையும் நிறுத்துங்கள், நம் கேமில் தரை என்பது உயரம் பூஜ்யம், அவ்வளவுதான்.

அடி விழுகிறது, ஆனால் கனம் இல்லை

கோடில் எந்தப் பிழையும் இல்லாமலே கேமைக் கெடுப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அடி பட்ட அந்தக் கணத்தில் அடித்தவனும் வாங்கியவனும் சில ஃபிரேம் அப்படியே உறைய வேண்டும். ஹிட்ஸ்டாப் என்பார்கள். சாதாரணக் குத்துக்கு 3 அல்லது 4 ஃபிரேம், தொடரின் கடைசி அடிக்கு 8 முதல் 10. உறைந்திருக்கும்போது வாங்கியவன் மட்டும் ஒரு பிக்சல் இடமும் வலமும் நடுங்கட்டும். இதை மட்டும் போட்டுவிட்டு, வேறு எதையும் மாற்றாமல் ஆடிப் பாருங்கள். அதே ஸ்ப்ரைட், அதே சத்தம், ஆனால் கைக்கு எலும்பு தட்டுப்படும். சத்தம் உறைவு தொடங்கும் ஃபிரேமிலேயே வர வேண்டும், முடிந்தபின் வந்தால் அத்தனையும் வீண்.

இதைச் செய்யப் போகும்போது வரும் கோளாறுகள் மூன்று.

முதல் குத்திலேயே கேம் மொத்தமாக நின்று, திரும்பி வரவே இல்லை: எஞ்சினின் டைம் ஸ்கேலை (கேமுக்குள் நேரம் ஓடும் வேகம்) பூஜ்யமாக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப 1 ஆக்க ஒரு டைமர் வைத்திருப்பீர்கள். அந்த டைமரும் டைம் ஸ்கேலுக்குக் கட்டுப்பட்டதுதான், நேரமே ஓடாதபோது அது எப்படி முடியும்? கிரியேட் டைமரின் கடைசி அளவுருவில் டைம் ஸ்கேலைப் புறக்கணி என்று கொடுக்க வேண்டும்.

ஆட்கள் உறைகிறார்கள், ஆனால் அவர்களின் ஃபிரேம் எண்ணிக்கை ஓடுகிறது: டைம் ஸ்கேல் பூஜ்யமானாலும் ஃபிசிக்ஸ் ப்ராசஸ் (ஒவ்வொரு ஃபிசிக்ஸ் ஃபிரேமிலும் ஓடும் கோட்) வழக்கம்போல அழைக்கப்படும், டெல்டா (போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) மட்டும் பூஜ்யமாக வரும். நீங்கள் ஃபிரேமை ஒன்று ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் அது நிற்காது.

மூன்றாவது, இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் அடித்தால் மற்றவர் குதித்த இடத்தில் அந்தரத்தில் நிற்கிறார், அவருக்குக் கட்டுப்பாடு கைவிட்ட மாதிரி இருக்கிறது.

மூன்றுக்கும் ஒரே மருந்து, டைம் ஸ்கேலைத் தொடாமல் ஆளுக்கு ஒரு உறைவு எண் வைப்பது. அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்று குறைத்துவிட்டு அந்த ஃபிரேமில் வேறு எதுவும் செய்யாமல் திரும்பிவிடுங்கள், அவன் அனிமேஷனையும் நிறுத்தி வையுங்கள். மற்றவர்கள் பாட்டுக்கு நகர்வார்கள்.

பட்டனைத் தட்டினேன், தொடர் வரவில்லை

மூன்று குத்துத் தொடரில் இரண்டாவது குத்து முடியும் முன்பே ஆடுகிறவர் மூன்றாவதுக்குத் தட்டிவிடுவார். இரண்டு ஃபிரேம் முந்தித் தட்டினாலும் உங்கள் கோட் அந்தத் தட்டலைத் தூக்கிப் போட்டுவிடும், அவரைப் பொறுத்தவரை பட்டன் வேலை செய்யவில்லை. தட்டலை 6 முதல் 8 ஃபிரேம் வரை நினைவில் வையுங்கள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம். அந்த நேரத்துக்குள் குத்த முடிகிற நிலை வந்தால் குத்தட்டும். பயன்படுத்தியதும் நினைவிலிருந்து அழிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தட்டலுக்கு இரண்டு குத்து வரும். உறைந்திருக்கும் ஃபிரேம்களில் வரும் தட்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மனிதர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் அடுத்த பட்டனைத் தட்டுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதில் ஆடினார்கள் என்று கேளுங்கள். டிவி என்றால் அதன் கேம் மோடை ஆன் செய்யச் சொல்லுங்கள். அளக்க வேண்டுமானால் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் கையும் திரையும் தெரிகிற மாதிரி எடுங்கள், விரல் பட்டனை அழுத்திய படத்திலிருந்து ஆள் அசையும் படம் வரை எண்ணி நாலால் வகுத்தால் எத்தனை ஃபிரேம் தாமதம் என்று கிடைத்துவிடும். லேப்டாப் திரையிலும் டிவியிலும் எடுத்து ஒப்பிட்டால் குற்றம் கேமிலா டிவியிலா என்று தெரிந்துவிடும்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடினால் சில கீ வேலை செய்வதில்லை

இதைக் கோடால் தீர்க்க முடியாது. சாதாரணக் கீபோர்டில் கீகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிக் கட்டத்தில் இருக்கின்றன, சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதைக் கீபோர்டே மறைத்துவிடும். எந்த மூன்று என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். அதனால் கீயை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கட்டாயம் கொடுங்கள். ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை பெரும்பாலும் இந்த மறைப்பில் சிக்காது என்று குத்துக்கு ஷிஃப்டை வைக்கத் தோன்றும். வேண்டாம். ஐந்து முறை ஷிஃப்டைத் தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று பெட்டியைத் திறந்து நடுச்சண்டையில் நிற்கும்.

கன்ட்ரோலரில் வரும் தொல்லைகள்

தொடாமலே ஆள் மெதுவாக நகர்ந்தால் டெட்சோன் (கன்ட்ரோலர் குச்சியின் சிறு அசைவைப் பொருட்படுத்தாத அளவு) குறைவு. இரண்டு கன்ட்ரோலரும் ஒரே ஆளை நகர்த்தினால், இன்புட் மேப்பில் டிவைஸ் "ஆல் டிவைசஸ்" என்று இருக்கிறது, ஆளுக்கு ஒரு எண் கொடுத்துப் பிரியுங்கள். ஒரு தட்டலுக்கு இரண்டு தட்டலாக வருகிறது, அதுவும் ஸ்டீம் வழியாகத் திறந்தால் மட்டும் என்றால், ஸ்டீம் இன்புட் ஒரு போலிக் கன்ட்ரோலரைக் காட்ட, கேம் நிஜத்தையும் போலியையும் சேர்த்துப் படிக்கிறது. ஸ்டீமில் அந்த கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை ஆஃப் செய்து பாருங்கள்.

இரண்டு முறை முன்னால் தட்டினால் ஓட்டம் என்று வைத்திருந்து, குச்சியில் அது வரவில்லை என்றால், குச்சி நடுவுக்கு முழுசாகத் திரும்பும் முன்பே விரல் மறுபடி தள்ளிவிடுகிறது. அழுத்தியதாகக் கொள்ள 0.5, விட்டதாகக் கொள்ள 0.35 என்று இரண்டு அளவாக வையுங்கள். ஓடுவதற்குத் தனி பட்டனும் கொடுத்துவிட்டால் நிம்மதி.

எதிரிகள் எல்லோரும் சேர்ந்து அடிக்கிறார்கள், எழுந்திருக்கவே விடவில்லை

எதிரியை இன்னும் புத்திசாலி ஆக்கத் தோன்றும். தேவை வேறு, வரிசை. ஸ்டேஜுக்கு இரண்டு "அடிக்க அனுமதி" சீட்டு வையுங்கள். சீட்டு கிடைத்தவன்தான் நெருங்கி அடிக்கலாம், அடித்ததும் அல்லது அடிபட்டதும் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் 60, 70 பிக்சல் தூரத்தில் சுற்றிவரட்டும், ஒருவன் நம் முதுகுப் பக்கம் வர முயலட்டும். சீட்டை வைத்திருந்தவன் செத்தால் சீட்டும் அவனோடு போய்விடாமல் பாருங்கள், போனால் சற்று நேரத்தில் யாருமே அடிக்காமல் எல்லோரும் சும்மா நடந்துகொண்டிருப்பார்கள். நம் ஆள் விழுந்து எழுந்தபின் ஒன்றரை நொடி அடி படாமல் இருக்கட்டும். திரைக்கு வெளியே இருப்பவன் அடிக்கவே கூடாது, அதற்கு விதிவிலக்கு வேண்டாம்.

எல்லோரும் ஒரே கோட்டில் குவிந்து ஒரு ஆள் மாதிரித் தெரிந்தால், பக்கத்தில் இருப்பவனிடமிருந்து ஆழத் திசையில் லேசாக விலகும் ஒரு தள்ளலைச் சேருங்கள்.

எல்லோரையும் அடித்தாயிற்று, போகலாம் என்ற அம்பு வரவில்லை

இந்தப் பட்டியலில் இதுதான் மோசமானது, ஏனென்றால் மற்றதெல்லாம் ஆட்டத்தைக் கெடுக்கும், இது ஆட்டத்தையே முடித்துவிடும். என் அக்கா மகனும் அவன் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆடி இரண்டாவது ஸ்டேஜின் கடைசிக்கு வந்திருந்தார்கள். "மாமா, யாருமே இல்ல, ஆனா ஆரோ வரமாட்டேங்குது" என்றான். இருவரும் சந்தைத் தெருவின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை நடந்து, காலிப் பெட்டிகளை எல்லாம் உடைத்து, ஒவ்வொரு சுவராகக் குத்திப் பார்த்தார்கள். பத்து நிமிடம். பிறகு நான்தான் கேமை மூடினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கன்ட்ரோலரின் வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு எழுந்து போனான்.

லாக்கைத் திறந்து பார்த்தேன், மீதி எதிரிகள்: -1. இருவரும் ஒரே ஃபிரேமில் ஒரே ஆளை அடித்திருக்கிறார்கள், அவன் இரண்டு முறை செத்திருக்கிறான், எண்ணிக்கை இரண்டு முறை குறைந்திருக்கிறது. கோடோ பூஜ்யத்துக்குச் சமமா என்று மட்டும் கேட்கிறது. தனியாக ஆடிச் சோதித்தவரை எனக்கு ஒருமுறைகூட வரவில்லை, வரவும் முடியாது.

எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து வைக்காதீர்கள். அம்பு வரலாமா என்று கேட்கும்போதெல்லாம் உயிரோடு இருக்கும் எதிரிகளை அப்போதே எண்ணுங்கள், இருபது பேரை எண்ண எந்தக் கம்ப்யூட்டருக்கும் நேரம் ஆகாது. சாகும் நிலைக்குள் நுழையும் இடத்தில், ஏற்கனவே செத்தவனா என்று கேட்டுத் திரும்பிவிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக 1 என்று நின்றால் ஒருவன் எங்கோ உயிரோடு சிக்கியிருக்கிறான். தூக்கி எறிந்தபோது சுவரைத் தாண்டிப் போயிருப்பான், திரைக்கு வெளியே பிறந்து பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருப்பான், உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போய் முடிவில்லாமல் விழுந்துகொண்டிருப்பான். தலைக்கு மேல் லேபிள் போட்டோமே, அதில் "விழுதல் 2140 / உயரம் -9000" என்று பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் எல்லோருடைய இடத்தையும் ஸ்டேஜின் எல்லைக்குள் பிடித்து நிறுத்துங்கள், உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் ஆக்குங்கள். அதற்கு மேல் காப்பாக, ஒருவன் தொடர்ந்து 8 நொடி திரைக்கு வெளியே இருந்தால் அவனைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நடக்க வையுங்கள். காரணம் தெரியாத சிக்கல்களையும் இது மன்னித்துவிடும், ஆனால் நடக்கும்போதெல்லாம் லாக்கில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் காரணத்தைத் தேடவே மாட்டீர்கள்.

படம் ஊர்கிறது, பிக்சல் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் தெரிகிறது

கேப்காமின் பழைய ஆர்கேடு போர்டில் ஃபைனல் ஃபைட் என்ற அடிதடி கேம் ஓடிய அளவு 384×224 பிக்சல். நான் 384×216 எடுத்துக்கொண்டேன், ஐந்தால் பெருக்கினால் சரியாக 1920×1080. ஆனால் இன்னும் ஏராளமான லேப்டாப்புகள் 1366×768, அதில் மூன்று மடங்கு 1152×648தான் முழு எண்ணாக அடங்கும், சுற்றிலும் கறுப்பு விளிம்பு நிற்கும். விளிம்பு பிடிக்காமல் இழுத்து நிரப்பினால்தான் இந்த ஊர்தல் வருகிறது. ஸ்ட்ரெட்ச் மோடை வியூபோர்ட்டிலும், ஸ்கேல் மோடை இன்டிஜரிலும் (4.2 முதல் உண்டு), டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்டிலும் வையுங்கள். விளிம்பில் ஒரு அழகான சட்டம் வரைந்தால் யாரும் குறை சொல்வதில்லை. நடக்கும்போது ஆள் மட்டும் நடுங்கினால் கேமராவின் ஸ்மூத்திங்கை எடுத்துவிட்டு, அதன் ப்ராசஸ் கால்பேக்கையும் ஃபிசிக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

நண்பரின் கம்ப்யூட்டரில் கேம் தலைதெறிக்க ஓடுகிறது

அவர் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், உங்கள் நகர்வு டெல்டா இல்லாமல் சாதாரண ப்ராசஸில் இருக்கிறது, அதனால் 2.4 மடங்கு வேகம். நகர்வு, அடி, எண்ணிக்கை எல்லாவற்றையும் ஃபிசிக்ஸ் ப்ராசஸுக்குக் கொண்டுபோங்கள், அது எந்த மானிட்டரிலும் நொடிக்கு 60தான்.

எடிட்டரில் ஓடுகிறது, எக்ஸ்போர்ட் செய்தால் ஓடவில்லை

படமோ சத்தமோ காணவில்லை என்றால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பாருங்கள், விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், எக்ஸ்போர்ட்டான பொட்டலம் எடுத்துக்கொள்ளாது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வசனமோ எதிரிப் பட்டியலோ வைத்திருந்தால் எக்ஸ்போர்ட் ஃபில்டரில் அந்த வகையைச் சேர்க்காதவரை அது உள்ளே போகாது. பழைய கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லையா, ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) கம்பேட்டிபிலிட்டிக்கு மாற்றுங்கள், இந்த மாதிரி கேமுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பிரவுசரில் ஓட்டவும் அதுதான் வேண்டும். பிரவுசரில் ஷேர்டு அரே பஃபர் என்று எரர் வந்தால் 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறி த்ரெட் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முதல் ஸ்க்ரீனில் சத்தம் வராதது கோளாறு இல்லை, ஆடுகிறவர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர் சத்தத்தை விடாது, "தொடங்க அழுத்தவும்" என்று ஒரு திரை வைத்தால் முடிந்தது.

தமிழ் வசனம் எழுத்து எழுத்தாக வரும்போது கோரமாகத் தெரிகிறது

பாஸ் பேசும்போது எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆகிற மாதிரி வைத்திருப்பீர்கள். தமிழில் "க்" வர வேண்டிய இடத்தில் முதலில் "க" வந்து, அப்புறம் புள்ளி வந்து உட்காரும், "கொ" வர வேண்டிய இடத்தில் "க" வந்து, பிறகு முன்னால் ஒரு கொம்பு முளைத்து எழுத்தே நகரும். லேபிளில் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்று ஒன்று இருக்கிறது, அதை ஷேப்பிங்குக்குப் பிறகு (எழுத்துகளைச் சேர்த்து வடிவமாக்கிய பிறகு) என்று மாற்றினால் முழு எழுத்தாக வரும். கோடாட் 3-இல் இருக்கிறவர்களுக்குக் கொம்பும் காலும் இடம் மாறித்தான் தெரியும், தமிழுக்காகவாவது 4-க்கு வந்துவிடுங்கள். இன்னொன்று, ஆங்கிலத்துக்குப் போதும் 8 பிக்சல் உயரம் தமிழுக்குப் போதாது, "ணு"வும் "னு"வும் ஒன்றாகிவிடும். நான் 14 பிக்சல் வைத்து, ஒரு திரைக்கு இரண்டு வரிக்கு மேல் போகாமல் வசனத்தைச் சுருக்கி எழுதினேன்.